விருந்தாளிக்கு ஒரு பூட்டு

துப்பறியும் வேரோனிக்காவிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து ஸஜீத் எத்தனையோ இடங்களில் மாட்டிக்கொண்டிருக்கிறான். ரெக்ஸ்டேலில் ஒரு கராஜுக்குள், ஓர் அப்பார்ட்மென்ட் லிஃப்டுக்குள், சொந்த மாமி பேசிக்கொண்டு வந்த கலியாணத்துக்குள். எல்லாவற்றிலிருந்தும் வாயாலேயே தப்பி வந்தவன். ஆனால் ஒரு சோபாவில் மாட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா. அசைந்தால் முனகியது. முன்னால் ஒரு தட்டு நிறையப் பயத்தம் பணியாரம், கையில் தேநீர், மடியில் செங்கல் கனத்தில் ஒரு ஜெர்மன் அகராதி. எழும்ப வேண்டுமென்றால் மூன்றில் ஒன்றையாவது எங்கேயாவது வைக்க வேண்டும். வைக்கத்தான் இடமில்லை.

"கூச்சப்படாமல் எடுங்கோ தம்பி," என்றார் வீட்டுக்காரர் ஸ்ரீதரன். "மத்தியானச் சாப்பாடும் இஞ்சைதான்."

"இல்லை அண்ணை, நாங்கள் சிவபாதம் மாஸ்டரிட்டை இந்தப் புத்தகத்தைக் குடுத்திட்டு ஓடோணும்."

"அவர்தான் மொன்றியலுக்குப் போட்டாரெண்டு சொன்னன்தானே. என்னட்டைத் தாங்கோ, குடுக்கிறன்."

"அவற்ரை கையெழுத்து வேணும். லைப்ரரிச் சட்டம்," என்றார் வேரோனிக்கா, பச்சைப் பொய்யைப் பாதிரியார் முகத்தோடு.

"அப்ப இருந்து ஆறுதலாச் சாப்பிடுங்கோ. பனி விடட்டும்."

வெளியே பனி விடுகிற மாதிரி இல்லை. 'ரோட்டில் நிற்கிற காரைப் பனி தள்ளுகிற லொறி மூடிவிடும்' என்று அக்கறையாகச் சொல்லி, அவர்களுடைய காரை வீட்டு வாசல்வரை உள்ளே விடச் சொன்னவர் ஸ்ரீதரன்தான். விட்ட கையோடு தன் வான் வண்டியைக் கொண்டுவந்து பின்னால் நிறுத்தினார். இனி அவராக வானை எடுத்தால்தான் இவர்கள் இந்த வோபர்ன் பகுதியை விட்டு வெளியேறலாம். ஸஜீத்துக்கு அந்த அக்கறை கொஞ்சமும் பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கும் செலீன் என்ற பெண் முதல்நாள் வேரோனிக்காவின் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். யாழ்ப்பாணத்தில் லத்தீன் படிப்பித்த சிவபாதம் என்ற பெரியவர் போன இலையுதிர்காலத்தில் கனடாவுக்கு வந்து, ஸ்ரீதரன் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். தினமும் பஸ் பிடித்து நூலகத்துக்கு வருவார். ஐரோப்பிய மொழிகளில் பரவிக் கிடக்கும் ஒரே ஒரு பழைய சொல்லைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவார். போன கிழமை ஆளைக் காணவில்லை. அதே கிழமை பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது: திங்கட்கிழமை காலை, அதே சொல்லைப் பற்றி ஓர் உரை. பேசுபவர் ஸ்ரீதரன். உரை எடுபட்டால், இவ்வளவு காலமும் அங்கே பகுதி நேரமாக வகுப்பெடுத்த ஸ்ரீதரனுக்கு நிரந்தர வேலை. பெரியவருக்கு அவர் பாதி ஆயுளைக் கொடுத்த ஆராய்ச்சி பறிபோகும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளை விடிந்தால் திங்கள்.

ஸஜீத்தின் இடுப்பில் தொங்கிய பேஜர் மறுபடியும் துடித்தது. செலீன்தான். பேஜரில் ஒரு வசதி, கூப்பிடுகிறவர் யாரென்று தெரியும். ஒரு வசதியீனம், பதில் சொல்ல ஸ்ரீதரனிடம்தான் ஃபோன் கேட்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் வேரோனிக்கா தூண்டிலைப் போட்டார். "நாளைக்கு யூனிவேர்சிற்றியிலை ஏதோ பேசுறியளாம். செலீன் சொன்னவ. என்ன விஷயம்?"

ஸ்ரீதரனுடைய முகத்தில் விளக்கு எரிந்தது. கெட்டிக்காரக் கள்ளனும் தன் கெட்டித்தனத்தைக் காட்ட ஓர் ஆள் கிடைத்தால் விடமாட்டான்.

"ஒரே ஒரு சொல். எழுத்தே இல்லாத காலத்துச் சொல். இப்ப அதை ஒருத்தரும் கதைக்கிறேல்லை, ஆனா அதின்ரை பிள்ளையள் ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கு. இங்கிலீசிலை கெஸ்ட், ஜெர்மனிலை காஸ்ட், ரஷ்யனிலை கோஸ்த். எல்லாம் விருந்தாளி. லத்தீனிலை ஹோஸ்பெஸ். விருந்து குடுக்கிறவரும் அவர்தான், விருந்துக்கு வாறவரும் அவர்தான். ஹோட்டல், ஹொஸ்பிட்டல் எல்லாம் அந்த வழியிலை வந்த பேரப்பிள்ளையள்."

"எங்கட குடும்பம் மாதிரி," என்றான் ஸஜீத். "ஒண்டு லண்டன், ஒண்டு பாரிஸ், ஒண்டு ஜெர்மனி. ஆளை ஆள் கண்டாலும் அடையாளம் தெரியாது."

"அதே லத்தீனிலை இன்னொரு பிள்ளையும் இருக்கு. ஹோஸ்டிஸ். அதுக்கு அர்த்தம் எதிரி."

வேரோனிக்கா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "ஒரே வயித்திலை பிறந்தது ஒண்டு விருந்தாளியாவும் மற்றது எதிரியாவும் எப்பிடிப் போச்சுது?"

ஸ்ரீதரன் வாயைத் திறந்தார், பிறகு அதற்குள் ஒரு பிடி சோற்றை வைத்தார்.

"அது கொஞ்சம் கொம்ப்ளிக்கேட்டட். நாளைக்கு வந்தியளெண்டா விளங்கும்."

கறி வைத்தவனுக்கு உப்பு எவ்வளவென்று தெரியாமல் போகுமா? ஸஜீத் வேரோனிக்காவைப் பார்த்தான். அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் ஸ்ரீதரனின் மனைவி மங்கையற்கரசி ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் பக்டரி வேலையின் தழும்புகள். இவர்கள் வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை. அகப்பை ஸஜீத்தின் சோற்றுக் கோப்பைக்கு மேலே வந்தபோது அவன் கையால் மறித்தான்.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. நான் ஹலால் இல்லாட்டி இறைச்சி எடுக்கிறேல்லை. வெறும் சோறும் தயிரும் போதும்."

இதில் துப்பும் இல்லை, தந்திரமும் இல்லை. வெறும் உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்தவன் வெறும் சோறு தின்கிறான் என்ற சொல் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுக்காரியை எப்படிச் சுடும் என்பதை ஸஜீத் எதிர்பார்க்கவில்லை.

"வெறுஞ்சோறோ? என்ன தம்பி கதைக்கிறியள், சைவம் இருக்கு," என்று மங்கையற்கரசி அவனுடைய கோப்பையைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

ஸ்ரீதரன் இருமினார். ஸஜீத் எழுந்து கோப்பையின் பின்னால் போனான்.

அடுப்பின் பின்பக்கத்தில், பெரிய இறைச்சிச் சட்டிக்கு மறைவாக மூன்று சின்னச் சட்டிகள். வாழைக்காய்ப் பால்கறி, பருப்பு, கீரை. பக்கத்தில் தனியாக ஓர் அகப்பை.

"பயப்பிடாமல் சாப்பிடுங்கோ. இறைச்சியிலை போட்ட மச்சக் கரண்டி இதுக்குள்ளை படேல்லை," என்று சொல்லிச் சொல்லி மங்கையற்கரசி பரிமாறினார். அடிவரை வழித்துப் போட்டார். போட்டு முடித்ததும் வெறுமையான சட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு கூடையிலிருந்து இன்னொரு வாழைக்காயை எடுத்துச் சீவத் தொடங்கினார்.

ஸஜீத் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான். வெள்ளந்தியான குரலில் ஆரம்பித்தான். "பாவம் அக்கா. மூண்டு சைவக் கறியையும் எனக்கு வழிச்சுத் தந்திட்டு, இப்ப புதுசா வாழைக்காய் சீவுறா. தனி அகப்பைகூட வைச்சிருக்கிறா. நீங்கள் பக்திமான்கள் போல, அண்ணை."

"சீச்சீ. எங்கட வீட்டிலை வெள்ளி மாத்திரம்தான் சைவம்," என்று ஸ்ரீதரன் அவசரமாகச் சொன்னார். "இண்டைக்கு மனிசி ஏதோ ஆசைக்கு வைச்சது."

"ஆசைக்கு வைக்கிறவை தனி அகப்பை வைக்காயினம்," என்றார் வேரோனிக்கா. அவர் குரல் உயரவே இல்லை. "மச்சம் தொட்ட கரண்டி பட்டால் சாப்பிடாத ஆள் ஒருத்தருக்குத்தான் அப்பிடிச் சமைக்கிறது. நீங்கள் இறைச்சி சாப்பிடுறியள். அக்காவுக்கும் விரதம் இல்லை. அந்த ஆள் மொன்றியலிலை நிக்கிறாரெண்டா, வாழைக்காய் ஆருக்கு?"

குசினியில் கத்திச் சத்தம் நின்றது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்திலை மறைக்கிறதெண்டு கேள்விப்பட்டிருக்கிறன்," என்றான் ஸஜீத். "நீங்கள் ஒரு முழு மாஸ்டரை மறைச்சிருக்கிறியள்."

ஸ்ரீதரன் கோபப்படுவார் என்று ஸஜீத் கால்களைத் தயாராக வைத்திருந்தான். அவரோ கையைக் கழுவினார், துடைத்தார், புன்னகைத்தார்.

"பேஸ்மென்டிலை இருக்கிறார். போய்ப் பாருங்கோ. கூட்டிக்கொண்டு போக ஏலுமெண்டா கூட்டிக்கொண்டு போங்கோ."

படிகள் செங்குத்தாக இறங்கின. இவர்கள் பாதி தூரம் போனதும் மேலே கதவு அறைந்து சாத்திக்கொண்டது. இருட்டு. கனடாவுக்கு வரும் வழியில் ஒரு கொண்டெய்னருக்குள் கிடந்த இரவை ஸஜீத் யாருக்கும் சொன்னதில்லை. அவன் பகிடி விட்டுச் சிரிக்காத ஒரே விஷயம் அது. இரண்டிரண்டு படியாக மேலே தாவி, கைப்பிடியைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தான்.

கதவு சாதாரணமாகத் திறந்தது. காற்றுக்குத் தானாகச் சாத்திக்கொண்ட கதவு. அதில் பூட்டே இல்லை.

"அக்கா," என்றான் வேரோனிக்காவிடம். வெட்கத்தில் குரல் கம்மியது. "இது ஆரையும் அடைச்சு வைச்ச இடம் மாதிரித் தெரியேல்லையே."

கீழே ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு துணி துவைக்கும் மெஷின். மேசையில் மஃப்ளர் சுற்றிய பெரியவர் ஒருவர் வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் சிவபாதம். செலீன் காட்டிய படத்தைவிட மெலிந்திருந்தார்.

வேரோனிக்கா தான் யார் என்பதையும் யார் அனுப்பியது என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். அதற்குள் ஸஜீத் அறையின் மறுபக்கம் இருந்த இன்னொரு கதவைக் கண்டுவிட்டான். பின்வளவுக்குப் போகும் கதவு. உள்பக்கத்தில்தான் தாழ்ப்பாள். இழுத்தான். குளிர் முகத்தில் அறைந்தது.

"வாங்கோ மாஸ்டர். ரோட்டுக்குப் போனால் பஸ் எடுக்கலாம்."

"கதவைச் சாத்தும் தம்பி," என்றார் சிவபாதம். "குளிர் வருது."

"இது முதலே திறந்துதான் கிடந்ததோ?"

"ஓம்."

"பின்னை ஏன் ஒரு கிழமையா இதுக்குள்ளை இருக்கிறியள்?"

"எங்கை போறது? என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது ஸ்ரீதரன். எனக்குப் பொறுப்பெண்டு சொன்னது அவன். அடுத்த மாசம் என்ரை வீசாவை நீட்டோணும். பொறுப்பை விட்டிட்டனெண்டு அவன் ஒரு வார்த்தை சொன்னால் என்னைப் பிளேனிலை ஏத்திப்போடுவினம். யாழ்ப்பாணத்திலை ஷெல் விழுது. திங்கள் முடியுமட்டும் கீழை இருங்கோ, ஆர் வந்தாலும் மேலை வராதையுங்கோ எண்டு சொன்னான். இருக்கிறன்."

"நீங்கள் அந்த மண்டபத்திலை போய் இருந்தாலே போதுமே," என்றான் ஸஜீத். "ஒரு கேள்வி கேட்டால் அவர் முழிப்பார். இப்பதான் பாத்தனாங்கள்."

"தெரியும் தம்பி. அதாலைதான் கீழை இருக்கச் சொன்னவன்." பெரியவர் மஃப்ளரை இழுத்து விட்டார். "அதோடை, அவன்ரை சோத்தைச் சாப்பிட்டிட்டன். சாப்பிட்ட வீட்டுக்கு எதிரா நாலு பேருக்கு முன்னாலை போய் நிக்க எனக்குக் கால் வராது. நான் வளர்த்த பிள்ளைக்கு, என்ரை கட்டுரைக்கு, நாளைக்கு அவன் தன்ரை பேரை வைக்கப் போறான். நெஞ்சு எரியுது. ஆனா என்ன செய்யிறது."

இரும்புக் கதவென்றால் உடைக்கலாம். சோற்றால் போட்ட பூட்டை எதைக் கொண்டு உடைப்பது?

வேரோனிக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "மாஸ்டர், ஒரு சந்தேகம். ஒரே சொல் ஒரு இடத்திலை விருந்தாளியாவும் மற்ற இடத்திலை எதிரியாவும் எப்பிடிப் போச்சுது?"

பெரியவர் நிமிர்ந்தார். கிழமை முழுக்க யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது.

"ஆதியிலை அந்தச் சொல்லுக்கு விருந்தாளி எண்டும் இல்லை, எதிரி எண்டும் இல்லை. வெளியாள். ஆனா சும்மா வெளியாள் இல்லை, என்னோடை கடமை மாத்திக்கொண்ட வெளியாள். இண்டைக்கு நான் உனக்குப் படுக்க இடம் தாறன், நாளைக்கு நீ எனக்கு. தமிழிலை விருந்தெண்டால் முதலிலை புதுமைதானே, புதுசா வந்தவன். அதுபோலத்தான். பழைய ரோமிலை ஹோஸ்டிஸ் எண்டால் ரோமனுக்குச் சமமான உரிமை உள்ள வெளியூரான். பேந்து ரோம் பெருத்துது, சண்டை பெருத்துது, அந்தக் கடமை அறுந்துபோச்சு. கடமை அறுந்தால் வாசலிலை நிக்கிற வெளியாள் எதிரிதான். ஜெர்மன்காரரும் ரஷ்யரும் கடமையை வைச்சிருந்தவை, அவைக்கு அவன் இன்னும் விருந்தாளி."

"அப்ப கடமை ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் அது விருந்து."

"ஓம். ஒரு பக்கம் மட்டும் கட்டுப்பட்டிருந்தால் அதுக்குப் பேர் வேற."

சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் தன் கைகளைப் பார்த்தார். ஆனாலும் எழும்பவில்லை.

"இன்னொரு கேள்வி," என்றார் வேரோனிக்கா. "உங்களைக் கூப்பிட்ட நேரம் ஸ்ரீதரனுக்கு என்ன வேலை?"

"யூனிவேர்சிற்றியிலை கிழமைக்கு ரெண்டு வகுப்பு. இப்பவும் அதுதான்."

"ரெண்டு வகுப்புச் சம்பளத்தைக் காட்டி இன்னொரு ஆளுக்குப் பொறுப்பு நிக்க ஏலாது, மாஸ்டர். நான் இந்த ஊரிலை எத்தினை ஸ்பொன்சர் கேஸ் பாத்திட்டன். தாள் நிரப்பினது அவராயிருக்கும். வேலையைக் காட்டினது ஆர்?"

"எனக்கு அது தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆள் படியிலை நிக்கிறா."

ஸஜீத் திரும்பினான். மங்கையற்கரசி சோற்றுக் கோப்பையோடு கடைசிப் படியில் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. வாழைக்காய்க் கறியிலிருந்து ஆவி பறந்தது.

"மங்கை," மேலேயிருந்து ஸ்ரீதரனின் குரல். "குடுத்திட்டு மேலை வா."

அவர் அசையவில்லை. கோப்பையை மேசையில் வைத்தார்.

"நான்தான், பெரியப்பா," என்றார் சிவபாதத்திடம். "உங்களைக் கூப்பிடோணுமெண்டு ஒற்றைக்காலிலை நிண்டதும் நான். என்ரை பக்டரி வேலையைக் காட்டித்தான் பொறுப்பு நிண்டது. கையெழுத்தும் என்ரைதான். தாள் நிரப்பினது மட்டும் அவர். உங்களுக்கு அது தெரியுமெண்டு நினைச்சன். இப்ப நீங்கள் சொன்னதைக் கேட்டாப்பிறகுதான் விளங்குது, அவர் உங்களை எதைச் சொல்லி இருத்தினவர் எண்டு." கோப்பையை அவர் பக்கம் தள்ளினார். "சோறு ஒழுங்காத் தந்தால் போதுமெண்டு நினைச்சு நானும் பேசாமல் இருந்திட்டன். பிழைதான்."

சிவபாதம் மெல்ல எழுந்து நின்றார். "அப்ப இவ்வளவு நாளும் நான் ஆற்ரை விருந்தாளி?"

"என்ரை."

படிகளில் செருப்புச் சத்தம். ஸ்ரீதரன் இறங்கி வந்தார். இப்போது அவர் முகத்தில் புன்னகை இல்லை.

"மங்கை, யோசிச்சுக் கதை. நாளைக்கு எனக்கு அந்த வேலை கிடைச்சால் நீ விடிய எழும்பி பக்டரிக்கு ஓடத் தேவையில்லை. அந்த மெஷினிலை கை காயப்படத் தேவையில்லை. உனக்கும் சேர்த்துத்தான் இதைச் செய்தனான்."

அது பொய்யில்லை என்று ஸஜீத்துக்குத் தோன்றியது. அதனால்தான் அவனுக்குப் பயமாக இருந்தது. தழும்பேறிய அந்தக் கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. இந்தப் பெண் வாயைத் திறந்து என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு.

வீட்டுக்காரரிடம் சொல்லாமல் வாசல் தாண்டிப் போகிற பழக்கம் சிவபாதத்துக்கு இல்லை. மேசையில் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். வேரோனிக்காவைப் பார்க்கவில்லை, ஸ்ரீதரனையும் பார்க்கவில்லை.

"பிள்ளை, உன்னட்டைத்தான் கேக்கோணும். நான் போட்டு வரட்டோ?"

மங்கையற்கரசி கைகளைப் பிசைவதை நிறுத்தினார். ஹீட்டர் ஒருமுறை நின்று மறுபடியும் இரையத் தொடங்கியது.

"போட்டு வாங்கோ பெரியப்பா. நாளைக்கு முன்வரிசையிலை இருங்கோ. உங்கட பொறுப்பு என்னோடை, வீசாவைப் பற்றி யோசிக்காதையுங்கோ."

சொல்லிவிட்டு தகப்பனுக்குச் செய்வதுபோல அவருடைய மஃப்ளரைச் சரிசெய்தார். கட்டிலில் கிடந்த தடித்த கோட்டை எடுத்துப் போட்டுவிட்டார். பிறகு கணவனிடம் கையை நீட்டினார். "வான் திறப்பைத் தாங்கோ. இவையின்ரை காருக்கு வழி விடோணும்."

ஸ்ரீதரன் பையிலிருந்து திறப்புக் கொத்தை எடுத்துக் கொடுத்தார். மறுக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. படிப்பாளி முகம் கரைந்து, வழி தவறிய ஒரு பிள்ளையின் முகம் தெரிந்தது.

"அப்ப நான், மங்கை?"

மங்கையற்கரசி பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. விருந்துக்கு வந்தவர்களிடம் பேசும் அதே பணிவு இருந்தது.

"இந்த வீட்டு வாடகையும் என்ரை சம்பளம்தான். நீங்களும் இஞ்சை விருந்தாளிதான். சோறு மேசையிலை கிடக்கு, சாப்பிட்டிட்டு வீட்டை விட்டு வெளிக்கிடுங்கோ."